விமானப் பயிற்றுநராக எந்த நாட்டில் பயில்வது? கட்டணத்துக்கு முன்பு பார்க்க வேண்டியவை

வணிக விமானி உரிமம் கையில் இருக்கிறது. லாக்புக்கில், அதாவது பறப்பு நேரப் பதிவேட்டில், 200 முதல் 250 மணி நேரம் சேர்ந்திருக்கிறது. விமான நிறுவனங்களோ இன்னும் அனுபவம் கேட்கின்றன. சிங்கப்பூரில் இந்த நிலையில் நிற்கும் இளையர்கள் அடுத்துத் தேடுவது பெரும்பாலும், மாணவர்களுக்குக் கற்பித்தபடியே பறப்பு நேரம் சேர்க்க உதவும் வெளிநாட்டுப் பயிற்றுநர் பயிற்சியைத்தான். ஃபுளோரிடா, அரிசோனா, பெர்த், மெல்பர்ன் என்று பல ஊர்ப் பள்ளிகளின் கட்டணப் பட்டியல்கள் வந்து சேர்கின்றன. எல்லாவற்றையும் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றி, எது மலிவோ அங்கே போய்விடலாம் என்று தோன்றும். அப்படி முடிவெடுத்தவர்கள் பலர், தகுதியைப் பெற்ற பிறகு அதைப் பயன்படுத்த இடமில்லாமல் ஊர் திரும்பியிருக்கிறார்கள்.

காரணம் எளிது. பயிற்றுநர் தகுதி தேர்வில் தேறிய அன்றே பலன் தந்துவிடாது. அதைக் கொண்டு சில நூறு மணி நேரமாவது மாணவர்களுக்குக் கற்பித்த பிறகுதான் அதற்கு மதிப்பு வருகிறது. ஆகவே, முதல் பயிற்றுநர் வேலையை எந்த நாட்டில் சட்டப்படி செய்ய முடியும் என்பதை முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து பள்ளியைத் தேட வேண்டும். கட்டணம் கடைசியில் வரும் கணக்கு.

உரிமம், ரேட்டிங், மாற்றம்

குழப்பத்தில் பாதி, மூன்று சொற்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால் வருகிறது.

1. உரிமம்: விமானத்தை ஓட்டுவதற்கான அடிப்படை அனுமதி. தனியார் விமானி, வணிக விமானி, விமான நிறுவன விமானி என மூன்று முக்கிய நிலைகள் உண்டு.

2. ரேட்டிங்: அந்த உரிமத்தின் மேல் ஏற்றப்படும் கூடுதல் தகுதி. கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது, பல என்ஜின் விமானம் ஓட்டுவது, கற்பிப்பது ஆகியவை தனித்தனி ரேட்டிங்குகள். அமெரிக்காவில் பயிற்றுநர் தகுதி தனிச் சான்றிதழாகவே தரப்படுகிறது.

3. மாற்றம்: ஒரு நாட்டின் உரிமத்தைக் காட்டி இன்னொரு நாட்டின் உரிமத்தைப் பெறுவது. வணிக விமானி உரிமத்துக்குப் பல நாடுகளில் சுருக்கமான மாற்று வழி உண்டு. பயிற்றுநர் தகுதிக்கு அப்படி எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலும் புதிய நாட்டில் தேர்விலும் பறப்புச் சோதனையிலும் மீண்டும் தேற வேண்டியிருக்கும்.

ஏன் இப்படி? 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு, அனைத்துலகப் பறப்பில் ஈடுபடும் விமானத்தின் விமானி, அந்த விமானம் பதிவாகியுள்ள நாடு வழங்கிய அல்லது ஏற்புறுதி அளித்த உரிமத்தை வைத்திருக்க வேண்டும் என்கிறது. விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் பதிவெழுத்தைப் பார்த்தால் எந்த நாட்டு விதி பொருந்தும் என்று தெரிந்துவிடும்: அமெரிக்கா ‘என்’ (N), ஆஸ்திரேலியா விஎச், பிரிட்டன் ஜி, கனடா சி, மலேசியா 9எம், சிங்கப்பூர் 9வி. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு குறைந்தபட்சத் தரத்தை மட்டும் வகுக்கிறது. அதன் மேல் ஒவ்வொரு நாடும் தன் கட்டடத்தைத் தனியாக எழுப்பியிருக்கிறது. ஃபுளோரிடாவில் பெற்ற பயிற்றுநர் சான்றிதழை வைத்துக்கொண்டு பெர்த்தில் ஒரு விஎச் விமானத்தில் மாணவருக்கு ஒரு மணி நேரம்கூடக் கற்பிக்க முடியாது.

சிங்கப்பூரிலேயே ஏன் முடிவதில்லை

இடம்தான் சிக்கல். சிலேத்தார் விமான நிலையத்தில் சிறிய விமானங்களுக்கு இடமுண்டு. சிங்கப்பூர் இளையர் விமானப் பயிற்சி மன்றம் அங்கிருந்துதான் டிஏ40 ரக விமானங்களில் மாணவர்களைத் தனியார் விமானி உரிமம் வரை அழைத்துச் செல்கிறது. ஆனால் சாங்கியின் நெரிசலுக்கும் அண்டை நாட்டு எல்லைகளுக்கும் நடுவில் பயிற்சிக்குக் கிடைக்கும் வான்வெளி மிகக் குறுகியது. சிங்கப்பூர் விமானப் பயிற்சிக் கல்லூரி பறப்புப் பயிற்சியைப் பெர்த்துக்கு அருகிலுள்ள ஜண்டகோட்டில் நடத்துவதும், சிங்கப்பூர் ஆகாயப் படை தன் விமானிகளை மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்தில் பிசி-21 விமானங்களில் பயிற்றுவிப்பதும் இதனால்தான்.

பயிற்சி வெளிநாட்டுக்குப் போனதும் பயிற்றுநர் வேலையும் கூடவே போய்விட்டது. ஊர் திரும்பிப் பயிற்றுநராகலாம் என்று திட்டமிடுபவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். இங்கே அந்த வேலை இடங்கள் மிகச் சில. வெளிநாட்டு உரிமத்தைச் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமமாக மாற்றிக்கொள்ளாமல் 9வி விமானத்தில் கற்பிக்கவும் முடியாது.

அமெரிக்கா: வேகம், சுதந்திரம், விசாச் சுவர்

மலிவு, விரைவு, நல்ல வானிலை என்ற மூன்றும் ஒன்றுசேர்வதால் பட்டியலில் எப்போதும் முதலில் வருவது அமெரிக்கா. அங்கே பயிற்றுநர் சான்றிதழை எல்லாரும் சிஎஃப்ஐ என்றே சொல்கிறார்கள். விதிகள் தெளிவானவை:

1. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். அமெரிக்க வணிக விமானி சான்றிதழும் கருவிப் பறப்பு ரேட்டிங்கும் இருக்க வேண்டும். வெளிநாட்டு உரிமத்தைக் காட்டிப் பொதுவாக நேரடியாகப் பெறக்கூடியது அமெரிக்கத் தனியார் விமானி சான்றிதழ் மட்டுமே. வணிகச் சான்றிதழுக்குத் தேர்வெழுதிச் சோதனைப் பறப்பிலும் தேற வேண்டும். ஆஸ்திரேலிய அல்லது சிங்கப்பூர் வணிக உரிமத்தோடு செல்பவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

2. இரண்டு எழுத்துத் தேர்வுகள். கற்பித்தலின் அடிப்படைகள் பற்றிய தேர்வில் 50 கேள்விகள், விமானப் பயிற்றுநர் தேர்வில் 100 கேள்விகள். தேர்ச்சிக்கு 70 விழுக்காடு.

3. சுழல்வீழ்ச்சியை, அதாவது விமானம் உயர்த்துவிசை இழந்து சுழன்றபடி விழும் நிலையை, ஏற்படுத்தி மீட்கவும் அதைக் கற்பிக்கவும் தெரியும் என்று ஒரு பயிற்றுநர் லாக்புக்கில் ஒப்புதல் எழுதித் தர வேண்டும்.

4. வாய்மொழித் தேர்வும் பறப்புச் சோதனையும். முதல் சிஎஃப்ஐ சோதனையின் வாய்மொழிப் பகுதி பல மணி நேரம் நீள்வது வழக்கம். எந்தப் பாடத்தையும் வெண்பலகையில் எழுதி, தேர்வாளரை மாணவராகப் பாவித்து விளக்கச் சொல்வார்கள்.

தேறிய மறுநாளே அமெரிக்கப் பயிற்றுநர் தனித்து இயங்கலாம். மாணவரை முதல் சோலோவுக்கு, அதாவது தனியாகப் பறக்க, அனுப்பும் கையெழுத்தும் அவருடையதே. மேற்பார்வையாளர் தேவையில்லை. காமன்வெல்த் நாடுகளில் புதியவருக்கு இந்தச் சுதந்திரம் கிடைக்காது. சான்றிதழில் முன்பு அச்சிடப்பட்ட காலாவதி தேதியும் 2024 டிசம்பர் முதல் நீக்கப்பட்டுவிட்டது. 24 மாதங்களுக்கு ஒருமுறை கற்பிக்கும் தகுதியைப் புதுப்பித்துக்கொண்டால் போதும்.

அங்கே பயிற்றுநர்கள் ஏன் இவ்வளவு பேர்? 2009இல் பஃபலோ நகருக்கு அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் 2010இல் சட்டம் இயற்றியது. 2013 முதல் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் தேவை. 250க்கும் 1,500க்கும் இடையிலான தூரத்தைப் பெரும்பாலோர் கற்பித்துத்தான் கடக்கிறார்கள். மணி நேரம் நிறைந்ததும் போய்விடுகிறார்கள். இதனால் உங்களுக்குப் பயிற்சி தருபவர் பாதியில் மாறிவிடுவது அங்கே சாதாரணம். புதியவர் வந்ததும் "நீங்கள் எந்த அளவில் இருக்கிறீர்கள் என்று பார்க்கிறேன்" என்று நான்கைந்து பறப்புகள் கூடுதலாகப் போகும். அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

இனி விசா. இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

1. எம்-1 என்ற தொழிற்பயிற்சி விசாவில் பயின்றால், ஒவ்வொரு நான்கு மாத முழுநேரப் பயிற்சிக்கும் ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம் மட்டுமே செயல்முறைப் பயிற்சி என்ற பெயரில் வேலை செய்யலாம். ஆறு வாரம் சிஎஃப்ஐ பயிற்சி மட்டும் எடுத்தவருக்கு இந்தக் கணக்கில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது.

2. எஃப்-1 மாணவர் விசாவில் பல்கலைக்கழக விமானவியல் பட்டம் படித்தால், பட்டத்துக்குப் பின் 12 மாதம் படிப்புத் துறையில் வேலை செய்யலாம். ஆனால் இதற்குப் பல ஆண்டு படிப்பும் பல மடங்கு செலவும் ஆகும்.

3. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கென ஹெச்-1பி1 என்ற விசா உண்டு. தாராள வணிக உடன்பாட்டின்கீழ் ஆண்டுக்கு 5,400 இடங்கள். "நம்மவர்களுக்குத்தான் தனி விசா இருக்கிறதே" என்று நினைத்துக் கிளம்புபவர்கள் உண்டு. அந்த விசாவுக்கு வேலையே ஒரு துறைசார்ந்த பட்டத்தைத் தேவையாகக் கொண்டிருக்க வேண்டும். பறப்புப் பயிற்றுநர் வேலைக்குப் பட்டம் கட்டாயமில்லை. அதனால் அந்த வழி பயிற்றுநர்களுக்கு எளிதில் திறப்பதில்லை. நிரந்தரவாசிகளுக்கு அது பொருந்தவே பொருந்தாது. குடியுரிமைதான் கணக்கு.

4. விசாவுக்கு மேல், அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பின்னணிச் சோதனை உண்டு. முதல் விமானி சான்றிதழ், கருவிப் பறப்பு, பல என்ஜின் பயிற்சிகளுக்கு வெளிநாட்டவர் இதில் தேறாமல் பறப்பைத் தொடங்க முடியாது.

ஆக, அமெரிக்கா சிறந்த பயிற்சிக்களம். அங்கே வேலை செய்யும் உரிமை இல்லாத சிங்கப்பூரருக்கு அது வேலைக்களமாவது கடினம். துணைவர் வழியாகவோ வேறு வழியிலோ அந்த உரிமை உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல தேர்வு இல்லை.

ஆஸ்திரேலியா: படிப்படியான ஏணி

ஆஸ்திரேலியாவில் பயிற்றுநர்கள் மூன்று படிகளில் ஏறுகிறார்கள். புதியவர் கிரேடு 3. பின்னர் கிரேடு 2, கிரேடு 1. கிரேடு 3 பயிற்றுநர் ஒரு பள்ளிக்குள், மூத்த பயிற்றுநரின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே கற்பிக்கலாம். மேற்பார்வை தரக்கூடிய மூத்தவர் இல்லாத பள்ளியில் புதியவருக்கு வேலையும் இல்லை. இது தடைபோலத் தெரியும். கற்பிக்கும் கலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு முதல் ஆண்டில் ஒரு மூத்தவர் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்துவது பெரும் பேறு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வெளிநாட்டு வணிக உரிமத்தோடு செல்பவர், விமானச் சட்டம், மனிதக் காரணிகள் ஆகிய மாற்றுத் தேர்வுகளை எழுதி, ஆஸ்திரேலிய மருத்துவச் சான்று பெற்று, பறப்புச் சோதனையில் தேறி உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு பயிற்றுநர் பயிற்சி. கற்பித்தல் கோட்பாடுகளும் முறைகளும் என்ற தனிப் பாடம் உண்டு. கருவிப் பறப்பு ரேட்டிங் இல்லாமலே கிரேடு 3 பெறலாம். ஆனால் அது இருப்பவரையே பள்ளிகள் விரும்புகின்றன.

சிங்கப்பூரருக்கு இங்கே வேறு வசதிகளும் உண்டு. பெர்த் நம் நேர மண்டலத்திலேயே இருக்கிறது. ஐந்து மணி நேரப் பயணம். மாணவர் விசாவில் வருபவர் வெளிநாட்டு மாணவர்களுக்கென அரசில் பதிவான பாடத்திட்டத்தில்தான் சேர வேண்டும். அப்படிப் பதிவான கல்வி நிலையம் மூடப்பட்டால், செலுத்திய கட்டணத்தைக் காக்க அரசின் கல்விக் கட்டணப் பாதுகாப்புச் சேவை இருக்கிறது. படிக்கும் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

இடறும் இடம் இதுதான்: படிப்புக்குப் பிந்தைய தற்காலிகப் பட்டதாரி விசாவுக்குப் பதிவான பாடத்தில் குறைந்தது 92 வாரப் படிப்பு வேண்டும். படித்த தொழிலும் குடிநுழைவுப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். சில மாத பயிற்றுநர் டிப்ளோமா மட்டும் அதற்குப் போதாது. வணிக உரிமத்தையும் அங்கேயே பெற்று, இரண்டு டிப்ளோமாக்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் அந்தக் கதவைத் தட்டவே முடியும். உரிமத்தை ஏற்கெனவே வேறிடத்தில் வாங்கிவிட்டவர்கள் இதை அறிந்து திட்டமிட வேண்டும்.

நியூசிலாந்தின் ஏணியும் ஏறக்குறைய இதே வடிவம்தான். சி, பி, ஏ என்று கீழிருந்து மேலே செல்லும். இரு நாடுகளுக்கும் இடையே பரஸ்பர அங்கீகார உடன்பாடு இருப்பதால் ஒன்றில் பெற்ற உரிமத்தை மற்றொன்றில் எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரே செலவில் இரு சந்தைகள் என்பது சிறிய லாபம் அல்ல.

பிரிட்டனும் ஐரோப்பாவும்

ஐரோப்பிய விதியில் எண்கள் துல்லியம். பயிற்சிக்குள் நுழைய 200 மணி நேரப் பறப்பு வேண்டும். வணிக உரிமம் உள்ளவருக்கு அதில் 100 மணி நேரம் தலைமை விமானியாக இருந்திருக்க வேண்டும். 540 கிலோமீட்டர் தூரத்துக்குக் குறையாத ஒரு பயணம், இரு வேறு நிலையங்களில் முழுமையாகத் தரையிறங்கி, முடித்திருக்க வேண்டும். நுழைவுக்கு முன் ஒரு பறப்புச் சோதனை. பயிற்சியில் 125 மணி நேர வகுப்பும் 30 மணி நேரப் பறப்பும் உண்டு. தேறிய பின் முதலில் கட்டுப்பாடு உள்ள பயிற்றுநர்தான். மேற்பார்வையில் 100 மணி நேரம் கற்பித்து, மாணவர்களின் 25 சோலோ பறப்புகளையும் மேற்பார்வையிட்ட பிறகே கட்டுப்பாடு நீங்கும்.

பிரிட்டன் ஐரோப்பிய முறையிலிருந்து பிரிந்துவிட்டதால் இரண்டும் இப்போது தனித்தனி உரிமங்கள். ஒன்றை வைத்து மற்றொன்றில் கற்பிக்க முடியாது. பிரிட்டனின் சிறிய பறப்பு மன்றங்களில் புதிய பயிற்றுநர்கள் பெரும்பாலும் பறந்த மணிக்கு மட்டும் ஊதியம் பெறும் சுயதொழில் செய்பவர்கள். வேலை விசாவுக்கு ஆதரவு தரும் முதலாளி கிடைப்பது அதனால் அரிது. மூதாதையர் வழியாகவோ திருமணம் வழியாகவோ அங்கே வாழும் உரிமை இல்லாதவருக்கு இந்தத் தெரிவு வீண் செலவாகிவிடும்.

கனடாவும் மலேசியாவும்

கனடாவில் புதியவர் நான்காம் வகுப்புப் பயிற்றுநர். வணிக உரிமத்துக்கு மேல் 25 மணி நேர வகுப்பும், பயிற்றுநருடன் சேர்ந்து பறக்கும் 30 மணி நேர இரட்டைப் பறப்பும். முதல் அல்லது இரண்டாம் வகுப்புப் பயிற்றுநரின் மேற்பார்வையில் கற்பிக்க வேண்டும். கனடாவைப் பலர் குளிருக்குப் பயந்து ஒதுக்குகிறார்கள். ஆனால் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியில் பறப்புப் பள்ளி மாணவர்களுக்கென்றே தனி ஏற்பாடு வைத்திருக்கும் நாடு அது. கனடிய வணிக உரிமத்தை அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் பெறுபவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால், சேரும் நாளில் நடப்பில் உள்ள விதியைக் குடிநுழைவுத் துறையின் பக்கத்திலேயே படிக்க வேண்டும். முகவர் சொல்வதை நம்பக் கூடாது.

மலேசியா பக்கத்தில் இருக்கிறது, செலவும் குறைவு. மலாக்கா, கோத்தா பாரு பயிற்சிப் பள்ளிகளுக்கு வார இறுதியில்கூடப் போய் வரலாம். ஆனால் சிங்கப்பூரர் அங்கே வெளிநாட்டவர்தான். கற்பிக்க வேலை அனுமதி வேண்டும். பள்ளி அதை எடுத்துத் தருமா என்பதைப் பயிற்சிக்கு முன்பே எழுத்தில் பெற வேண்டும்.

லாக்புக் கணக்கில் ஒளிந்திருக்கும் பொறி

நாடு மாறும்போது பலரை வீழ்த்துவது இது. அமெரிக்க விதிப்படி, உரிமம் பெற்ற விமானி பயிற்றுநரோடு பறக்கும்போதும், கட்டுப்பாட்டைத் தான் மட்டுமே இயக்கினால் அந்த நேரத்தைத் தலைமை விமானி நேரமாக எழுதலாம். கருவிப் பறப்புப் பயிற்சிக்காகக் கண்மறைப்பு அணிந்து ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பாதுகாப்பு விமானியாக அமர்ந்தால், இருவருமே ஒரே நேரத்தைத் தலைமை விமானி நேரமாக எழுதும் வழியும் உண்டு. பிற நாடுகள் முன்னதை இரட்டைப் பறப்பாகக் கணக்கிடும், பின்னதை ஏற்காமலும் போகலாம். அமெரிக்காவில் 130 என்று எழுதிய தலைமை விமானி நேரம், ஐரோப்பிய அலுவலரின் மேசையில் 100க்குக் கீழே இறங்கிவிடக்கூடும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். முதல் நாளிலிருந்தே லாக்புக்கில் உண்மையாகத் தனியே அல்லது முழுப் பொறுப்போடு பறந்த நேரத்துக்கு ஒரு கட்டம், பயிற்றுநருடன் ஓட்டிய நேரத்துக்கு இன்னொரு கட்டம் எனப் பிரித்து எழுத வேண்டும். பின்னர் பிரிக்க முயன்றால் பழைய பள்ளியிடம் ஆவணம் கேட்டு அலைய நேரிடும்.

பயிற்சியில் என்ன கடினம்

விமானத்தை நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குப் பயிற்றுநர் பயிற்சி எளிது என்ற எண்ணம் முதல் வாரத்திலேயே கலைந்துவிடும். மூன்று இடங்களில் தடுமாறுகிறார்கள்.

முதலாவது, வலது இருக்கை. இதுவரை இடது கையில் கட்டுப்பாடு, வலது கையில் வேகத்தண்டு. இப்போது தலைகீழ். இடப்பக்கம் இருக்கும் கருவிகளைச் சாய்வாகப் பார்ப்பதால் அளவீடுகள் சற்றே தவறாகத் தெரியும். ஓடுபாதை முன்கண்ணாடியில் தெரியும் கோணமும் மாறுகிறது. அதனால் மூக்கு நேராக இருக்கும்போதே கோணியிருப்பதாகத் தோன்றி, தரையிறங்கும் கணத்தில் தேவையில்லாமல் மிதிகட்டையை அழுத்துகிறார்கள். சக்கரம் பக்கவாட்டில் உரசித் தரையைத் தொடுகிறது. பயிற்சிக்குச் செல்லும் முன்பே ஐந்தாறு மணி நேரம் வலது இருக்கையில் பறந்து பழகினால் விலை உயர்ந்த பயிற்சி நேரம் மிச்சமாகும்.

இரண்டாவது, ஓட்டிக்கொண்டே பேசுவது. கை செய்வதை வாய் அதே கணத்தில், மாணவருக்குப் புரியும் சொற்களில் சொல்ல வேண்டும். காமன்வெல்த் பள்ளிகள் இந்தப் பேச்சை வரிக்கு வரி பயிற்றுவிக்கின்றன. அமெரிக்கப் பள்ளிகள் பாடத் திட்டத்தையும் வாய்மொழி விளக்கத்தையும் வலியுறுத்துகின்றன. இரண்டிலும் தோற்பவர்கள் பெரும்பாலும் ஓட்டத் தெரியாமல் தோற்பதில்லை. "இறக்கை ஏன் உயர்த்துவிசையை இழக்கிறது?" என்று கேட்டால் சூத்திரத்தை ஒப்பித்துவிட்டு நிற்பதால் தோற்கிறார்கள்.

மூன்றாவது, சுழல்வீழ்ச்சி. இதற்கு எல்லா விமானமும் உதவாது. செஸ்னா 172இல் எடையும் எடைமையமும் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால் அனுமதி உண்டு. டிஏ40, பைப்பர் வாரியர், சிரஸ் எஸ்ஆர்20 ஆகியவற்றில் வேண்டுமென்றே சுழல்வீழ்ச்சிக்குள் நுழைவது தடைசெய்யப்பட்டது. பளபளக்கும் புதிய டிஏ40 வரிசையைக் காட்டும் பள்ளியிடம், சுழல்வீழ்ச்சிப் பயிற்சி எந்த விமானத்தில் என்று கேளுங்கள். பக்கத்து ஊரில் வாடகைக்கு எடுப்போம் என்றால் அந்தச் செலவு பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கட்டணப் பட்டியலை எப்படிப் படிப்பது

விமானம் இயங்கிய நேரத்தை அளந்து கட்டணம் கணக்கிட உதவும் கருவி ஹாப்ஸ் அளவியா, டேக் அளவியா என்பது முதல் கேள்வி. ஹாப்ஸ் கடிகார நேரத்தைக் கணக்கிடுகிறது. டேக் என்ஜின் சுழற்சியை ஒட்டி ஓடுவதால் குறைந்த வேகத்தில் மெதுவாக நகர்கிறது. ஒரே பறப்பு ஹாப்ஸில் 1.2 என்றால் டேக்கில் 1.0 அளவுக்குத்தான் வரலாம். மணிக் கட்டணம் குறைவாகத் தெரியும் பள்ளி ஹாப்ஸில் கணக்கிட்டால், மலிவு மறைந்துவிடும். எரிபொருள் கட்டணத்தில் சேர்ந்ததா, தரையிறங்கும் கட்டணம் தனியா, வகுப்பறை விளக்க நேரத்துக்கும் பயிற்றுநர் கட்டணம் உண்டா, ஆஸ்திரேலியாவில் பொருள் சேவை வரி சேர்ந்ததா என்பனவற்றையும் கேட்க வேண்டும். தேர்வாளர் கட்டணம் பெரும்பாலும் பட்டியலில் இருக்காது. அமெரிக்காவில் தேர்வாளருக்காகப் பல வாரம் காத்திருப்பது உண்டு. காத்திருக்கும்போது கை மறந்துவிடாமலிருக்க எடுக்கும் பறப்புகளும் வாடகை வீடும் சேர்ந்து அந்த வாரங்களும் செலவு வைக்கும்.

மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம். 2023இல் பிரிட்டனில் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட பறப்புப் பள்ளிகள் மூடப்பட்டு, முன்பணம் கட்டிய மாணவர்கள் தெருவில் நின்றார்கள். பகுதி பகுதியாக, பறந்த அளவுக்கே கட்ட வேண்டும். மத்திய சேம நிதியின் (மசே நிதி) கல்வித் திட்டம் உள்ளூர் அங்கீகாரக் கல்வி நிலையங்களுக்கு மட்டுமே என்பதால் இந்தச் செலவு முழுவதும் சேமிப்பிலிருந்தோ வீட்டுப் பணத்திலிருந்தோ வருவது. பெற்றோரின் ஓய்வுக்காலப் பணமாகவும் அது இருக்கலாம். அதனால் ஒரு தள்ளுபடிக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது.

வானிலையும் பணம்தான். ஃபுளோரிடாவில் கோடை மதியங்களில் இடியுடன் மழை, ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். அரிசோனாவில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். காற்று மெலிந்து விமானம் ஏறத் திணறுவதால் விடியற்காலையில்தான் பறப்பு. பெர்த்தில் கோடைப் பிற்பகலில் வலுத்த கடற்காற்று. பிரிட்டனில் டிசம்பரில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய எட்டு மணி நேரமே.

கிளம்பும் முன் சிங்கப்பூரில் செய்ய வேண்டியவை

1. செல்லவிருக்கும் நாட்டின் முதல் வகுப்பு மருத்துவச் சான்று. நிறப்பார்வை, செவித்திறன், இதயத் துடிப்புப் பதிவு ஆகியவற்றில் சிக்கல் இருந்தால் அது முன்பணத்துக்கு முன்னால் தெரிய வேண்டும்.

2. உரிமச் சரிபார்ப்பு. உங்கள் உரிமம் உண்மையானது என்று அதை வழங்கிய ஆணையம் புதிய நாட்டு ஆணையத்துக்கு நேரடியாக உறுதிப்படுத்த வேண்டும். வாரக்கணக்கில் ஆகலாம்.

3. தேசிய சேவைக் கடப்பாடு உள்ள ஆண்கள் நீண்டகாலம் வெளிநாட்டில் தங்குவதற்கு வெளியேறும் அனுமதி பெற வேண்டும். முழுநேரச் சேவையை முடித்தவர்களுக்கும் முகாமிட்டுப் பயிலும் காலம் குறுக்கிடும். பயிற்சியின் நடுவில் திரும்ப நேர்ந்தால் தேர்வுத் தேதி நழுவும்.

4. எழுத்துத் தேர்வுகளுக்கான படிப்பை இங்கேயே முடித்துவிட வேண்டும். வெளிநாட்டில் வாடகை கட்டிக்கொண்டு படிப்பது வீண்.

5. பாடக் குறிப்பேடு. உயர்த்துவிசை இழப்பு, தரையிறக்கம், என்ஜின் செயலிழப்பு, வானிலை என முப்பது நாற்பது பாடங்களையேனும் சொந்தக் கையால் எழுதித் தயாரித்து, விமானம் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்கு விளக்கிப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கு அனுப்ப வேண்டிய கேள்விகள்

பதில்களை மின்னஞ்சலில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது நிற்காது.

1. கடந்த 12 மாதத்தில் எத்தனை பேர் பயிற்றுநர் பயிற்சியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முதல் முயற்சியில் தேறினார்கள்?
2. அவர்களில் வெளிநாட்டவர் எத்தனை பேரை நீங்களே வேலைக்கு எடுத்தீர்கள்? எந்த விசாவில்?
3. எனக்குப் பயிற்சி தரப்போகிறவர் யார், பயிற்றுநர்களைப் பயிற்றுவித்து அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம்?
4. சோதனைத் தேதி கிடைக்க இப்போது எத்தனை வாரம் ஆகிறது?
5. பாதியில் விலகினால் மீதிப் பணம் எத்தனை நாளில், எந்த விதிப்படி திரும்ப வரும்?

இரண்டாவது கேள்விக்குப் பள்ளி தரும் பதிலை மற்ற நான்கையும்விட மேலாகக் கருதலாம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது பள்ளிகள் தாம் பயிற்றுவித்தவர்களையே முதலில் பார்க்கின்றன. அங்கே வெளிநாட்டவர் எவரும் வேலையில் இல்லை என்றால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த பள்ளிக்குக் கடிதம் எழுதுங்கள். வேலையில் இருக்கிறார்கள் என்றால், அவர்களில் இருவரிடமாவது நேரடியாகப் பேச அனுமதி கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை மணி நேரம் பறக்கக் கிடைக்கிறது, மழைக்கால மாதங்களில் ஊதியம் எவ்வளவு குறைகிறது என்பதைப் பள்ளியின் விற்பனைப் பிரிவைவிட அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.